படலத்தைத் தடுக்கிறதா, பாக்டீரியாவை மெலிய வைக்கிறதா?

கேள்வி: ஜனவரி 6

"பாக்டீரியாவைக் கொல்லாமல், அது உயிர்ப்படலம் கட்டுவதை மட்டும் தடுக்கும் செயற்கைச் சேர்மங்களை வடிவமைத்து வருகிறேன். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் லாஸ்ஆர் ஏற்பியில் கணினி வழியே பொருத்திப் பார்த்ததில் 40 சேர்மங்கள் நல்ல மதிப்பெண் பெற்றுள்ளன. இவற்றைத் தயாரித்து, கிரிஸ்டல் வயலட் சோதனையில் நிறம் குறைகிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். கொல்லாத சேர்மத்துக்கு எதிர்ப்புத்திறன் தோன்றாது என்பதால் இது நிலையான தீர்வாகவும் அமையும். பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும்."

ஜனவரி 6, இரவு

பிழை மூன்று சொற்களில் இருக்கிறது: லாஸ்ஆர், போதும், தோன்றாது. மூன்றையும் ஒரே இரவில் எழுதி முடிக்க இயலாது. முதலாவதை மட்டும் இப்போது தொடங்குகிறேன்.

உயிர்ப்படலம் என்பது ஒரு பொருள் என்பதைவிட ஒரு தொடர்நிகழ்வு என்று நினைத்துக்கொள்வது வேதியியலாளருக்குப் பயன்படும். நீரில் திரியும் செல் ஒரு பரப்பைத் தொடுகிறது. சிறிது நேரம் ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்துவிட்டு, பிறகு விலக முடியாதபடி நிலைகொள்கிறது. பல்சர்க்கரை, புரதம், செல்லுக்கு வெளியே சிந்திய டிஎன்ஏ ஆகியவற்றாலான கூழைச் சுரந்து அதற்குள் பெருகுகிறது. இறுதியில் அதன் ஒரு பகுதி உதிர்ந்து வேறிடம் தேடிச் செல்கிறது. இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூலக்கூறுகள் பொறுப்பாக உள்ளன. ஒட்டும் கட்டத்தில் நுண்ணிழைகளும் கசையிழைகளும் வேலை செய்கின்றன. நிலைகொள்ளும் கட்டத்தில் செல்லுக்குள் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவு ஏறுகிறது. 1987-இல் மோஷே பென்சிமானின் குழு செல்லுலோஸ் தயாரிக்கும் ஒரு பாக்டீரியாவில் கண்டுபிடித்த இந்த மூலக்கூறு, அளவு கூடினால் "இங்கேயே இரு" என்றும், குறைந்தால் "கிளம்பு" என்றும் செல்லுக்கு ஆணையிடுகிறது. லாஸ்ஆர் இவற்றுக்கெல்லாம் பக்கவாட்டில், அண்டை செல்களின் எண்ணிக்கையை உணரும் கோரம் சென்சிங் அமைப்பில் இருக்கிறது.

எனவே சேர்மத்தை வரையும் முன் எழுதிக்கொள்ள வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "என் சேர்மம் எந்தக் கட்டத்தில், எந்தப் புரதத்தை, எந்த நேரத்தில் தடுக்க வேண்டும்?" 40 சேர்மங்களைத் தயாரிப்பது எளிது, இந்த வாக்கியத்தை எழுதி முடிப்பது கடினம்.

ஜனவரி 7

"போதும்" என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த வடு உண்டு.

கிரிஸ்டல் வயலட் சோதனை செய்யாதவர்களுக்காக: 96 குழிகள் கொண்ட பிளேட்டில் பாக்டீரியாவையும் சேர்மத்தையும் விட்டு, ஒரு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டி, நீரில் முக்கி எடுத்து, 0.1 சதவீதச் சாயத்தை ஊற்றிச் சிறிது நேரம் விட்டுக் கழுவ வேண்டும். குழியைச் சாய்த்துப் பார்த்தால், திரவத்தின் மேல்மட்டம் நின்ற உயரத்தில் சுவரைச் சுற்றி ஊதா நிற வளையம் ஒன்று மோதிரம்போல் தெரியும். அதுதான் படலம். 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அந்த நிறத்தைக் கரைத்து, 550 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கிறோம். மலிவானது, விரைவானது, அழகானது. அந்த அழகில்தான் ஆபத்து இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த அனிலைடு வரிசையில் ஒரு சேர்மம், 50 மைக்ரோமோலார் செறிவில் அந்த வளையத்தை ஏறக்குறைய முழுவதும் அழித்தது. நான் கவனக்குறைவானவன் அல்லன் என்று நம்பியதால், 24 மணி நேரத்தின் முடிவில், பாக்டீரியா எவ்வளவு பெருகியது என்பதைக் காட்டும் கலங்கலையும் அளந்தேன். சேர்மம் உள்ள குழியும் இல்லாத குழியும் ஒரே கலங்கல் காட்டின. "வளர்ச்சி பாதிக்கப்படவில்லை, படலம் மட்டும் தடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு, அடுத்த மூன்று மாதங்களை அதன் வழிப்பொருள்களைத் தயாரிப்பதில் கழித்தேன். புதிதாக வந்த மாணவி ஒருவர், வேறு காரணத்துக்காக, பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை கலங்கலை அளந்து வளர்ச்சிக் கோட்டை வரைந்தார். என் சேர்மம் இருந்த குழிகளில் பாக்டீரியா முதல் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு விழித்து, ஓடி, 24-ஆவது மணி நேரத்தில் மற்றவற்றை எட்டிப் பிடித்திருந்தது. இறுதி அளவு ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. படலம் கட்டுவதற்குக் கிடைத்த நேரம்தான் குறைந்திருந்தது.

நான் கண்டுபிடித்தது படலத் தடுப்பானை அன்று. சோம்பேறியான ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை.

ஆகவே இறுதிக் கலங்கலை மட்டும் நம்ப வேண்டாம். முழு வளர்ச்சிக் கோடு, அதே ஊடகத்தில், அதே வெப்பநிலையில், அதே பிளேட்டில் வேண்டும். செல்களின் எண்ணிக்கையைத் தட்டில் பரப்பி எண்ணுவது இன்னும் நல்லது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஓரக் குழிகளைச் சொல்ல மறந்தேன். அவற்றில் நீர் விரைவில் ஆவியாகும்; ஊடகம் செறிவாகும்; வளையத்தின் உயரமும் மாறும். கட்டுப்பாட்டுக் குழிகளை முதல் நெடுவரிசையில் வைத்துவிட்டு, சேர்மங்களை நடுவில் வைப்பவர்கள் தங்கள் சேர்மத்தை அளக்கவில்லை, ஆவியாதலை அளக்கிறார்கள். ஓரக் குழிகளில் வெறும் நீரை ஊற்றி ஒதுக்கிவிடுங்கள்.

ஜனவரி 9

இந்தத் துறையில் நுழையும் எவரும் முதலில் கேட்கும் கதை ஃபியூரனோன்களின் கதை. நீங்களும் அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஆஸ்திரேலியக் கடற்கரையில் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசி வளர்கிறது. அருகிலுள்ள பாசிகளின் மேல் பாக்டீரியாவும் பிற உயிர்களும் படிந்து கிடக்க, இது மட்டும் பெரும்பாலும் துப்புரவாக இருந்தது. ஸ்டஃபான் ஷெல்லெபெர்க், பீட்டர் ஸ்டைன்பெர்க் ஆகியோரின் குழுவினர் காரணத்தைத் தேடியபோது, பாசியின் பரப்பில் புரோமின் ஏற்றப்பட்ட ஃபியூரனோன்கள் இருப்பது தெரிந்தது. அவற்றின் ஐந்தணு வளையம், பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசைல் ஹோமோசெரின் லாக்டோனின் வளையத்தை ஒத்திருந்தது. 1996-இல், இந்த ஃபியூரனோன்கள் அந்தச் செய்தியில் குறுக்கிடுகின்றன என்ற முடிவு வெளியானது. இயற்கையான ஃபியூரனோன் சூடோமோனாஸிடம் அவ்வளவாக எடுபடவில்லை. அதன் பக்கச் சங்கிலியை நீக்கித் தயாரித்த சி-30 போன்ற செயற்கை வடிவங்கள் எடுபட்டன. 2003-இல் எலிகளின் நுரையீரல் தொற்றிலும் பயன் காட்டின.

வேதியியலாளரின் கண்ணில் இது கனவுபோன்ற கதை. இயற்கை ஒரு வடிவத்தைக் கொடுத்தது, நாம் தேவையற்றதை வெட்டினோம், வேலை செய்தது. ஃபியூரனோன் ஏற்பியில் செய்தி மூலக்கூறின் இடத்தைப் பறித்துக்கொண்டு அமர்கிறது.

ஜனவரி 10

நேற்றைய கடைசி வாக்கியத்தைத் திருத்துகிறேன். பாடநூல் படம் கைக்கு வந்த வேகத்தில் எழுதிவிட்டேன். 2002-இல் வெளியான ஆய்வு, லாஸ்ஆரைப் போன்ற மற்றொரு ஏற்பியான லக்ஸ்ஆர் புரதத்தை மிகுதியாகத் தயாரிக்க வைத்த ஈ. கோலையில் ஃபியூரனோனைச் சேர்த்தபோது, அந்தப் புரதம் வழக்கத்தைவிட விரைவாகச் சிதைந்து மறைவதைக் காட்டியது. இருக்கையைப் பறிப்பது வேறு, இருக்கையையே உடைத்துவிடுவது வேறு. மூலக்கூறு வடிவத்தில் ஒத்திருப்பதால் அதே குழிக்குள் அமர்கிறது என்று முடிவு கட்டுவது நம் துறையின் பழைய நோய்.

இன்னொன்று. புரோமின் ஏற்றப்பட்ட அந்த வளையம் எலக்ட்ரான் தேடும் குணம் கொண்டது. புரதங்களின் கந்தகத் தொகுதிகளோடு வினைபுரியக்கூடியது. செறிவைச் சற்றுக் கூட்டினால் பாக்டீரியாவுக்கும் நஞ்சு, நம் செல்லுக்கும் நஞ்சு. ஃபியூரனோன் மருந்துக் கடையை எட்டாததற்கு இதுவே போதுமான காரணம்.

ஜனவரி 10, மாலை

லாஸ்ஆரில் உங்கள் 40 சேர்மங்களைப் பொருத்திய முறையைப் பற்றி. எந்தப் படிக அமைப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 2007-இல் வெளியான, இயற்கைச் செய்தி மூலக்கூறு உள்ளே அமர்ந்திருக்கும் அமைப்பாகவோ, அதையொட்டிய ஒன்றாகவோ இருக்கும். லாஸ்ஆர் தன் செய்தி மூலக்கூறு இல்லாமல் முறையாக மடிவதில்லை. மூலக்கூறு புரதத்தின் நடுவே முற்றிலும் புதைந்து, புரதம் அதைச் சுற்றி மூடிக்கொண்ட நிலைதான் அந்தப் படம். அதாவது, ஏற்பி "ஆம், செய்தி வந்துவிட்டது" என்று சொல்லும் நிலையின் படம். அந்தக் குழிக்குள் மிக அழகாகப் பொருந்தும் சேர்மம், ஏற்பியை அணைப்பதைவிடத் தூண்டிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். மதிப்பெண் கூடக்கூட ஐயமும் கூட வேண்டும்.

மேலும், செல்லுக்குள் நுழைந்தால்தானே பொருந்துவது? சூடோமோனாஸின் மெக்ஸ்ஏபி-ஓபிஆர்எம் என்ற வெளியேற்று பம்பு, தன் சொந்தச் செய்தி மூலக்கூறையே வெளியே தள்ளும் பழக்கம் உடையது. நம் சேர்மத்துக்கு அது மரியாதை காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜனவரி 12

"அப்படியானால் கோரம் சென்சிங்கைத் தடுக்கும் சேர்மம் கிடைத்துவிட்டால், எல்லாப் பாக்டீரியாவின் படலத்தையும் தடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது, சில பாக்டீரியாவில் படலம் தடித்துவிடும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோரம் அமைப்புக்கு ஏஜிஆர் என்று பெயர். செய்தி மூலக்கூறு, தயோலாக்டோன் வளையம் கொண்ட சிறு பெப்டைடு. செல்கள் நெருக்கமாகி இந்த அமைப்பு விழித்துக்கொள்ளும்போது, புரதங்களை வெட்டும் நொதிகளும், சோப்புபோலச் செயல்படும் சிறு பெப்டைடுகளும் வெளியாகி, படலம் கலைந்து செல்கள் உதிர்கின்றன. ஏஜிஆரை அணைத்தால் கலைவது நிற்கும். ஆகவே படலம் வளரும். ஏஜிஆர் இழந்த இனக்கூறுகள் தடித்த படலம் கட்டுவதை 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். நச்சுகளைக் குறைக்க ஏஜிஆர் தடுப்பான் உதவலாம். ஆனால் எலும்போடு பொருத்திய உலோகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு அதைக் கொடுப்பது, குடியிருப்பவரை வெளியேற்ற வந்தவர் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுப்பதுபோல ஆகும்.

வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலராவும் இப்படித்தான். செல்கள் குறைவாக இருக்கும்போது படலம் கட்டும். பெருகியதும் ஹாப்ஆர் என்ற புரதம் விழித்துப் படலத்துக்கான மரபணுக்களை அடக்கிவிடும். அங்கே படலத்தைத் தடுக்க வேண்டுமானால் ஏற்பியைத் தூண்டும் சேர்மம்தான் தேவை. அதன் முக்கியமான செய்தி மூலக்கூறு 3-ஹைட்ராக்ஸிட்ரைடெகன்-4-ஓன். பதின்மூன்று கார்பன் கொண்ட, எந்த மாணவரும் தயாரிக்கக்கூடிய எளிய மூலக்கூறு. வடிவமைப்புக்கு இவ்வளவு இணக்கமான இலக்கு வேறொன்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 13

மாதிரி உயிரினத்தைப் பற்றி ஒரு வரி. "சூடோமோனாஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். பிஏஓ1 இனக்கூறு தன் கூழில் பிஎஸ்எல் என்ற பல்சர்க்கரையை நம்பியிருக்கிறது. பிஏ14 இனக்கூறால் அதைத் தயாரிக்கவே முடியாது, பெல் என்ற வேறொன்றை நம்பியிருக்கிறது. ஒன்றில் வேலை செய்த சேர்மம் மற்றதில் வாளாவிருந்தால், குற்றம் சேர்மத்துடையதாக இல்லாமல் இருக்கலாம்.

ஜனவரி 16

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். துறையையே இழுத்து மூடச் சொல்கிறவன்போல ஒலிக்கிறது. ஆகவே இன்று, வடிவமைப்பு என்ற சொல்லுக்குத் தகுதியானதாக நான் கருதும் ஓர் எடுத்துக்காட்டு.

சிறுநீர்ப்பையில் தொற்று உண்டாக்கும் ஈ. கோலை, தன் நுண்ணிழையின் நுனியில் ஃபிம்ஹெச் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அது சிறுநீர்ப்பைச் செல்களின் மேலுள்ள மானோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு செல்லுக்குள்ளேயே புகுந்து, படலத்தை ஒத்த கூட்டமாகப் பெருகுகிறது. இங்கே எந்தக் கட்டம், எந்தப் புரதம், எந்த நேரம் என்ற மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

மானோஸையே கொடுத்து ஏமாற்றலாம். ஆனால் அதன் பிணைப்பு பலவீனமானது, பிரிகை மாறிலி (குறையக் குறையப் பிணைப்பு இறுகும்) சுமார் 2.3 மைக்ரோமோலார். மானோஸின் முனையில் ஏழு கார்பன் கொண்ட ஹெப்டைல் சங்கிலியைக் கட்டினால் அது 5 நானோமோலாருக்கு இறங்குகிறது. ஏறக்குறைய 450 மடங்கு வேறுபாடு, ஒரு கொழுப்புச் சங்கிலியால். படிக அமைப்பைப் பார்த்தால் காரணம் புரிகிறது: மானோஸ் அமரும் குழியின் வாயிலில், வரிசை எண் 48-இலும் 137-இலும் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு கதவுச் சட்டங்கள்போல் எதிரெதிரே நிற்கின்றன. சங்கிலி அவற்றின் நடுவே வழுக்கிக்கொண்டு செல்கிறது. இதைப் பார்த்த வேதியியலாளர்கள், அந்தச் சட்டத்தின்மேல் தட்டையாகச் சாயும்படி பைஃபினைல் தொகுதியைப் பொருத்தினார்கள். பிணைப்பு மேலும் இறுகியது. ஸ்காட் ஹல்ட்கிரென், ஜேம்ஸ் ஜானட்கா ஆகியோரின் குழுக்கள் வாய்வழியாகக் கொடுக்கத்தக்க மானோசைடுகள் வரை இதைக் கொண்டுசென்று, 2011-இல் எலிகளில் பயன் காட்டின.

அடுத்த சிக்கல் வயிற்றில் காத்திருந்தது. சர்க்கரையையும் பைஃபினைலையும் இணைக்கும் ஆக்சிஜன் பாலம் உடலுக்குள் உடையக்கூடியது. ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்த வடிவங்களைத் தயாரித்தார்கள். இந்த இலக்கில் எனக்குப் பிடித்த இன்னொரு நியாயமும் உண்டு: பொதுவாக, மருந்து சிறுநீரில் கழிந்துபோகிறதே என்று கவலைப்படுவோம், இங்கே அது சென்று சேர வேண்டிய இடமே அதுதான். மேலும், ஃபிம்ஹெச் நுண்ணிழையின் நுனியில், செல்லுக்கு வெளியே இருக்கிறது. வெளியேற்று பம்பு அதைக் காப்பாற்ற முடியாது.

ஜனவரி 17

மானோசைடு ஒட்டும் கையை மூடுகிறது. அந்தக் கை உருவாகாமலேயே செய்ய முடியாதா என்ற கேள்வியும் எழுந்து, வளையங்கள் இணைந்த 2-பிரிடோன் சேர்மங்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் எஃப்என்075 என்பது ஈ. கோலையின் நுண்ணிழைகளையும், கர்லி என்ற அமிலாய்டு இழைகளையும் சேர்த்தே தடுத்தது. மகிழ்ச்சி. பிறகு அதே சேர்மத்தைப் பார்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைனூக்ளின் புரதத்தோடு கலந்து பார்த்தார்கள். அதில் அமிலாய்டு உருவாவது விரைவுபட்டது. பாக்டீரியாவின் இழையை நிறுத்தும் மூலக்கூறு நம் இழையை வளர்க்கிறது. வேதியியலுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு, அது நமக்குச் சாதகமானதாக இருப்பதில்லை.

ஜனவரி 21

ஜனவரி 7-ஆம் நாள் குறிப்பைத் தொடர்கிறேன். வளர்ச்சிக் கோட்டைப் பார்க்காமல் ஏமாந்தவன் நான் மட்டும் இல்லை என்பதற்கு ஆறுதலான சான்று ஒன்று இருக்கிறது.

2010-இல், டி-லூசின், டி-மெத்தியோனின், டி-டிரிப்டோஃபேன், டி-டைரோசின் ஆகிய வலப்புற அமினோ அமிலங்களின் (புரதங்களில் வழக்கமாக இருப்பவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள்) கலவை பேசில்லஸ் சப்டிலிஸின் படலத்தைக் கலைக்கிறது என்ற முடிவு வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மலிவான, எளிய மூலக்கூறுகள்; நாங்களும் ஒரு பாட்டில் வாங்கி வைத்தோம். 2013-இல் மற்றொரு ஆய்வு, அந்தச் சோதனைகளில் பயன்பட்ட இனக்கூறுக்கு ஒரு குறை இருப்பதைக் காட்டியது. புரதத் தயாரிப்புக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் டிஆர்என்ஏவில் தவறுதலாக ஏறிக்கொள்ளும் டி-டைரோசினைப் பிடுங்கி எறியும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணு அந்த இனக்கூறில் பழுதுபட்டிருந்தது. அந்த நொதி இல்லாததால் வலப்புற அமினோ அமிலங்கள் புரதங்களுக்குள் புகுந்து, புரதத் தயாரிப்பைக் குழப்பின. பழுதைச் சரிசெய்ததும், படலத்தின் மீதான விளைவு பெரும்பாலும் போய்விட்டது. படலத்துக்கென்று தனியான "கலைந்துபோ" என்ற சமிக்ஞை எதுவும் அங்கே இருக்கவில்லை. பொதுவான ஓர் இடைஞ்சல் படலத்தின் மேல் முதலில் தெரிந்தது.

படலம் கட்டுவது செலவுமிக்க வேலை. செல்லுக்கு எந்தத் துன்பம் வந்தாலும் அது கைவிடும் முதல் வேலைகளுள் ஒன்றாக இது இருக்கக்கூடும். அதனால்தான் நிறம் குறைவதை நான் நம்புவதில்லை.

ஜனவரி 22

நேற்று எழுதியதில் ஒரு பாதிதான் சரி. துன்பம் வந்தால் படலத்தைக் கைவிடும் என்றேன், தலைகீழாகவும் நடக்கும். 2005-இல் வெளியான ஆய்வொன்று, கொல்ல முடியாத சிறு அளவில் டோப்ராமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தபோது சூடோமோனாஸ் கூடுதலாகப் படலம் கட்டுவதைக் காட்டியது. ஆகவே ஒரே செறிவில் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. பல செறிவுகளில் வரைந்தால் கோடு முதலில் ஏறிப் பிறகு இறங்குவதை நீங்களும் காண நேரலாம்.

ஜனவரி 22, இரவு

"ஏன் சேர்மம்? பரப்பையே ஒட்டாதபடி செய்துவிடலாமே?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக. செய்யலாம், செய்கிறார்கள். நாட்டிங்ஹாமிலும் எம்ஐடியிலும் இருந்த குழுக்கள் இணைந்து, நூற்றுக்கணக்கான அக்ரிலேட் பாலிமர்களைச் சிறு புள்ளிகளாக ஒரே கண்ணாடியில் பதித்து, எந்தப் புள்ளியில் பாக்டீரியா ஒட்டவில்லை என்று தேடிய முறை 2012-இல் வெளியானது. முன்கூட்டியே கணித்திருக்க முடியாத பாலிமர்கள் வெற்றிபெற்றன. எவராலும் வடிவமைக்கப்படாமல், தேடிக் கண்டெடுக்கப்பட்டவை அவை. வடிவமைப்பு என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த பற்று அன்று சற்றுத் தளர்ந்தது.

அம்மோனியத் தொகுதிகளைக் கட்டிய கொல்லும் பரப்புகளைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. முதலில் வந்தவை செத்து, அங்கேயே கம்பளம்போல் கிடக்கும். பின்னால் வருபவை அந்தக் கம்பளத்தின் மேல் வசதியாக அமரும்.

ஜனவரி 25

மூன்றாவது சொல்: "தோன்றாது".

கொல்லாத சேர்மம் தேர்வு அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை ஏற்கிறேன். அறவே இல்லாமல் செய்யும் என்பதை ஏற்கவில்லை. 2012-இல், கோரம் சென்சிங் இயங்கினால் மட்டுமே உண்ணக்கூடிய அடினோசைனை ஒரே உணவாக வைத்து சூடோமோனாஸை வளர்த்து, அதன்மேல் சி-30 ஃபியூரனோனைக் கொடுத்தார்கள். தடையை மீறி வளரும் மாற்றவகைகள் தோன்றின. வெளியேற்று பம்பைக் கூடுதலாக இயக்குவதே அவற்றின் உத்தி. மருத்துவமனை மாதிரிகளிலும் அத்தகைய மாற்றம் உடையவை சி-30-ஐத் தாங்கின.

ஆனால் அந்தச் சோதனை, கோரம் சென்சிங்கை உயிர்வாழ்வோடு செயற்கையாகக் கட்டிப்போட்டது. அடினோசைனைச் செரிக்கும் நொதி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பலன் அந்தச் செல்லுக்கே கிடைக்கிறது. வெளியே சுரக்கும் நொதியின் பலனோ ஊருக்கெல்லாம் பொது. பொதுச் சொத்தை மட்டும் தடுக்கும் சேர்மத்தின் முன்னே, எதிர்ப்புத்திறன் பெற்ற ஒரு செல் எல்லோருக்காகவும் உழைக்க வேண்டியிருக்கும். சும்மா இருக்கும் அண்டை செல்கள் தின்றுவிட்டுப் போகும். அங்கே எதிர்ப்புத்திறன் பரவுவது கடினம். ஆக, உங்கள் கூற்று முழுப் பிழை என்று ஜனவரி 6 அன்று நான் எழுதியது அவசரம். இலக்கைப் பொறுத்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

லாஸ்ஆருக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் நெடுநாள் தங்கிய சூடோமோனாஸில், லாஸ்ஆர் பழுதுபட்ட மாற்றவகைகள் அடிக்கடி கிடைக்கின்றன. அவை லாஸ்ஆர் இல்லாமலேயே வாழப் பழகியவை. அங்கே உங்கள் சேர்மம் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஜனவரி 29

லாக்டோன் வளையத்தை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு. செழிப்பான ஊடகத்தில் சூடோமோனாஸ் ஒரு நாள் வளர்ந்தால் பிஹெச் காரப் பக்கம் நகரும். காரத்தில் லாக்டோன் வளையம் திறந்துகொள்ளும்; பக்கச் சங்கிலி குட்டையாக இருந்தால் இன்னும் விரைவாக. மாலையில் நீங்கள் ஊற்றியதும் காலையில் குழியில் இருப்பதும் ஒரே சேர்மம் அன்று.

3-ஆக்சோ சங்கிலி கொண்டவற்றில் இன்னொரு வேடிக்கை: நீரிலேயே, யாரும் கேட்காமல், மூலக்கூறு தனக்குள் வளைந்து வினைபுரிந்து டெட்ராமிக் அமிலமாக மாறுகிறது. 2005-இல் இதைக் கண்டறிந்தவர்கள், அந்த டெட்ராமிக் அமிலம் இரும்பை இறுகப் பற்றுவதையும், கிராம்-நேர் பாக்டீரியாவுக்கு நஞ்சாவதையும் காட்டினார்கள். அதாவது, ஏற்பிக்காக வரைந்த சேர்மம் சத்தமில்லாமல் இரும்புத் திருடனாகிவிடும்.

பிப்ரவரி 11

முடிவுகளை அனுப்பியதற்கு நன்றி. 40-இல் 9 தயாராகியுள்ளன. அவற்றுள் 5 வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. வரவேற்கிறேன், என் அனிலைடுக்குத் துணை கிடைத்தது. 2 சேர்மங்கள் ஊடகத்தில் கரையாமல் குழியின் அடியில் ஊசி ஊசியாகப் படிந்தன. டிஎம்எஸ்ஓவின் அளவைக் கூட்டிக் கரைக்க முயல வேண்டாம், அந்தக் கரைப்பானே படலத்தைப் பாதிக்கும். ஒன்று நிறத்தைக் கூட்டியது. கடைசி ஒன்று, வளர்ச்சிக் கோடு அசையாமல் நிறத்தை 35 சதவீதம் குறைத்தது.

நீங்கள் கடைசிச் சேர்மத்தைக் கொண்டாடுகிறீர்கள். நிறத்தைக் கூட்டிய சேர்மத்தை நான் தூக்கி எறிய மாட்டேன். ஏற்பியைத் தூண்டிவிட்டதா என்பதை அது சொல்லக்கூடும். கொண்டாட்டத்துக்கு முன் ஒரு சோதனை: லாஸ்ஆர் மரபணு நீக்கப்பட்ட பிஏஓ1 இனக்கூறில் அதே சேர்மத்தைச் சோதியுங்கள். இலக்கு அங்கே இல்லை. விளைவும் அங்கே இல்லாமல் போக வேண்டும்.

பிப்ரவரி 19

மரபணு நீக்கிய இனக்கூறிலும் அதே 35 சதவீதம்.

ஆகவே இலக்கு லாஸ்ஆர் அன்று. கணினிப் பொருத்தத்துக்கும் இந்த விளைவுக்கும் தொடர்பில்லை. சேர்மத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய அமைப்பில் 3-ஆக்சோ சங்கிலியும் லாக்டோனும் அப்படியே இருக்கின்றன. ஜனவரி 29-ஆம் நாள் குறிப்பை மீண்டும் படியுங்கள். இரும்பு போதாதபோது சூடோமோனாஸ் ஓரிடத்தில் தங்காமல் பரப்பின்மேல் ஊர்ந்து அலையும் என்பதை 2002-இலேயே, இரும்பைப் பற்றிக்கொள்ளும் லாக்டோஃபெர்ரின் என்ற புரதத்தைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். வளர்ச்சி குறையாமல் படலம் மட்டும் குறைவதற்கு அது பொருத்தமான விளக்கம்.

ஃபெரிக் குளோரைடு சேர்த்த குழிகளையும் சேர்க்காத குழிகளையும் ஒரே பிளேட்டில் வையுங்கள். இரும்பைச் சேர்த்ததும் வளையம் திரும்பி வந்தால், விடை அங்கேயே இருக்கிறது. காலையில் கவிழ்த்துக் கொட்டும் முன் பிஹெச் தாளை ஒரு குழியில் தொட்டுப் பாருங்கள். ஓரக் குழிகளில் வேண்டாம்.